11.40க்கு ஆன்லைனில் இருந்தவன் பேசுகிறேன்

நடுவர் அவர்களே, இரண்டு அணியிலும் உள்ள பேச்சாளர்களே, செல்போனை அணைத்துவிட்டு அமர்ந்திருக்கும் பெரியோர்களே, மடியில் மறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களே, வணக்கம். எனக்குப் பத்து நிமிடம். வணக்கம் சொல்லியே அதில் இரண்டைத் தின்ன மனமில்லை.

"கையில் கருவி வந்த பிறகு நம் ஓய்வு வளர்ந்ததா, தேய்ந்ததா?" இதுதான் தலைப்பு. தேய்ந்தது என்று சொல்ல வந்திருக்கிறேன். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், வளர்ந்தது என்று பேசச் சொல்லியிருந்தாலும் இதே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருப்பேன். அந்த அணியில் இடம் நிரம்பிவிட்டது என்றார்கள்.

ஒழுங்காக, ஆதாரத்தோடு தொடங்கலாம் என்றுதான் தயாரித்து வந்தேன். 1930இல் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் ஒரு கணக்குப் போட்டார். இன்னும் நூறு ஆண்டில் இயந்திரங்களும் செல்வமும் பெருகிவிடும், அப்போது மனிதன் வாரத்துக்கு 15 மணி நேரம் வேலை செய்தால் போதும் என்றார். அவருக்கு இருந்த கவலையே வேறு. மிச்ச நேரத்தை வைத்துக்கொண்டு இந்த மனிதர்கள் என்ன செய்யப்போகிறார்களோ என்று கவலைப்பட்டார். அந்த நூறு ஆண்டு 2030இல் முடிகிறது. வாரத்துக்கு 15 என்றால் நாளைக்கு மூன்று மணி நேரம். எங்கள் அலுவலகத்தில் ஒரு வீடியோ கூட்டத்துக்கே அது போதாது. "எல்லோருக்கும் நான் பேசுவது கேட்கிறதா?" என்று கேட்டு முடிக்கவே கால் மணி நேரம் ஆகிறது. கேட்காதவர் எப்படிப் பதில் சொல்வார் என்று இதுவரை ஒருவரும் யோசித்ததில்லை.

இந்த வழியிலேயே போயிருப்பேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி போகிற போக்கில் ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். "ஓய்வே இல்லை, ஓய்வே இல்லை என்று ஐயா இப்போது வந்து அழுவார். நேற்று இரவு 11.40க்கு நான் பார்த்தேன், ஐயா ஆன்லைனில் இருந்தார். அந்த நேரத்தில் எந்த ஆபீஸ் ஐயா திறந்திருக்கிறது?" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். முதல் வரிசையில் என் மனைவியும் தட்டினார்.

சரி, ஒத்துக்கொள்கிறேன். 11.40க்கு ஆன்லைனில் இருந்தேன். சாட்சி இருக்கும்போது மறுக்க முடியாது. ஆனால் நடுவர் அவர்களே, சாட்சியை நான் ஒரே ஒரு குறுக்குக் கேள்வி கேட்கலாமா? தம்பி, நான் 11.40க்கு ஆன்லைனில் இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?

ம், இப்போது தட்டுங்கள்.

"அவன் சுவரேறிக் குதித்ததை என் கண்ணால் பார்த்தேன், நான் அதே சுவரில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்" என்று ஒருவர் சாட்சி சொன்னால் போலீஸ் யாரை முதலில் பிடிக்கும்? ஐம்பதைத் தாண்டிய ஒருவர், முப்பதைத் தொடாத ஒருவர். இருவருக்கும் மறுநாள் மேடை. இருவரும் குறட்டை விட்டுக்கொண்டிருக்க வேண்டிய நேரம். ஒருவர் விழித்திருக்கிறார். இன்னொருவர், அவர் விழித்திருக்கிறாரா என்று பார்ப்பதற்காக விழித்திருக்கிறார். என் அணிக்கு இதைவிட ஒரு ஆதாரம் வேண்டுமா? இத்தோடு உட்கார்ந்துவிடலாம். ஆனால் தம்பி ஆபீஸைக் கேட்டிருக்கிறார், அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

நேற்று 10.50க்கு இந்தப் பட்டிமன்றத்துக்கான குழுவில் ஒரு செய்தி வந்தது. பேச்சு நேரம் 12 நிமிடம் இல்லை, 10 நிமிடம் என்று. குழுவில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. நானும் போனைக் கவிழ்த்து வைக்கப் போனேன். அப்போது மேலே ஒரு வரி மின்னியது: நடுவர் தட்டச்சு செய்கிறார். சரி, பெரியவர் ஏதோ சொல்லப்போகிறார், கேட்டுவிட்டுப் படுக்கலாம் என்று காத்திருந்தேன். வரி நின்றது. மறுபடி, நடுவர் தட்டச்சு செய்கிறார். நின்றது. மறுபடி. எனக்கு வியர்த்துவிட்டது. நேரத்தைக் கூட்டப்போகிறாரா, தலைப்பை மாற்றப்போகிறாரா, இல்லை என்னையே மாற்றப்போகிறாரா? முழுதாக இருபது நிமிடம். 11.25க்கு நடுவரின் செய்தி வந்து விழுந்தது. ஒரே ஒரு கட்டைவிரல்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு எங்கள் பக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை. ஒரு கட்டைவிரலை இருபது நிமிடம் எப்படித் தட்டச்சு செய்தீர்கள் என்று மட்டும் தீர்ப்புரையில் சொல்லிவிடுங்கள்.

11.25க்குக் கட்டைவிரல் வந்துவிட்டது, 11.40 வரை என்ன வேலை என்று தம்பி விரலை நீட்டுகிறார். நியாயமான கேள்விதான். அந்தப் பதினைந்து நிமிடம் நான் கீழே இழுத்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கத்துக்கு அடி என்று ஒன்று இருந்தது. அங்கே போய் முட்டினால், போதும், படுக்கலாம் என்று ஒரு ஞானம் வரும். 2006இல் அசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் அந்த அடியையே எடுத்துவிட்டார். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும், முட்டாது. பின்னாளில் அவரே அதற்காக வருத்தப்பட்டுப் பேசினார். அவர் வருத்தப்பட்டு முடித்துவிட்டார். நான் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி மேல் எனக்குக் கோபம் கிடையாது. எதிராளியைச் சீண்டுவது செல்போனின் பிறவிக்குணம். 1973 ஏப்ரல் 3ஆம் தேதி மார்ட்டின் கூப்பர் என்ற பொறியாளர் நியூயார்க் நகரத் தெருவில் நின்றுகொண்டு, கையில் பிடிக்கும் செல்போனிலிருந்து முதல் அழைப்பைச் செய்தார். யாருக்கு? மனைவிக்கா, அம்மாவுக்கா? இதே கருவிக்காகப் போட்டி நிறுவனத்தில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ஜோயல் எங்கலுக்கு. நான் முந்திவிட்டேன் பார் என்று காட்டுவதற்காக! அந்தப் போன் ஒரு கிலோவுக்கு மேல் எடை. அரை மணி நேரம் பேசினால் செத்துவிடும். மறுபடி உயிர் வர 10 மணி நேரம் சார்ஜ் போட வேண்டும். ஐயா, என்னைக் கேட்டால் போன் என்றால் அதுதான் போன். படுத்துக்கொண்டு பார்க்க முடியாது, கை நழுவினால் மூக்கு போய்விடும்.

எதிரணி அம்மையார் சலவை இயந்திரத்தைப் பற்றி உருகினார். இடுப்பு வலி போயிற்று என்றார். உண்மை, பெரிய விஷயம், அதைக் கிண்டல் செய்தால் இன்று எனக்கு வீட்டில் கதவு திறக்காது. ஆனால் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாய்வாளர் 1983இலேயே இதை எழுதிவிட்டார். வீட்டுக்குள் கருவிகள் வந்தபோது உடம்பு நோவு குறைந்தது. வேலை நேரம் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஏனென்றால் எது சுத்தம் என்ற அளவுகோல் ஏறிவிட்டது. இரண்டு நாள் போட்ட சட்டை இப்போது அரை நாளில் அழுக்காகிவிடுகிறது. அம்மையாருக்கு இது போதும் என்று நினைக்கிறேன். எனக்கு வேறு ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது. உண்மையில் அதைச் சொல்லத்தான் வந்தேன்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை இரவு எனக்கு வைராக்கியம் வந்தது. நாளை ஒரு நாள் முழுக்க செல்போன் கிடையாது. அணைத்தேன், பீரோவில் வைத்தேன், பூட்டினேன், சாவியை மனைவியிடம் கொடுத்தேன். "நான் காலில் விழுந்தாலும் தரக்கூடாது" என்றேன். "விழுந்து பாருங்கள், யோசிக்கிறேன்" என்றார்.

ஞாயிறு காலை கண் விழித்தேன். மணி என்ன? கை தலையணைக்கு அடியில் போனது. அங்கே ஒன்றுமில்லை. கூடத்துக்கு வந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். மணி 4.10. வெளியே வெயில் அடிக்கிறது. "பாப்பா, கடிகாரம் நின்றுபோயிருக்கிறதே" என்றேன். மகள் நிமிராமல் சொன்னாள், "அது போன வருஷத்திலிருந்தே 4.10தான், அப்பா."

யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் நடுக்கூடத்தில், எல்லோர் கண்ணுக்கும் நேரே, ஒரு கடிகாரம் செத்து வருடம் ஆகியிருக்கிறது. குடும்பத்தலைவருக்கு, அதாவது எனக்கு, செய்தி வரவில்லை!

சரி, பேட்டரியை மாற்றலாம் என்றால் வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. டிவி ரிமோட்டைத் திறந்தேன், அதில் இருப்பது சின்னது, சேராது. கடைசியில் என் மேஜையில் இருந்த அலுவலக மௌஸின் வயிற்றைத் திறந்தேன். சரியான அளவு. எடுத்துக் கடிகாரத்தில் போட்டேன். டிக், டிக் என்றது. என் வேலை நின்ற இடத்தில் காலம் ஓட ஆரம்பித்தது. இது கவிதை மாதிரி இருக்கிறது, எதிரணியினர் குறித்துக்கொள்ள வேண்டாம்.

கடிகாரம் ஓடுகிறது, முள்ளை எங்கே வைப்பது? மனைவியிடம் மணி கேட்டேன். "என் போனைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். உங்கள் சட்டம் அதை அனுமதிக்கிறதா?" என்றார். ரோஷம் வந்துவிட்டது. சூரியனைப் பார்த்து மணி சொன்ன பரம்பரை நாம் என்று மாடிக்கு ஏறினேன். அதற்குள் மேகம் மூடிவிட்டது. கடைசியில் என் வயிற்றைக் கேட்டேன். வயிறு, ஒரு மணி என்றது. முள்ளை ஒன்றில் வைத்தேன்.

அப்போது உண்மையான மணி 11.20. அது எனக்குத் தெரியாது. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

உட்கார்ந்து சாப்பிட்டோம். இரண்டு மணிக்குப் படுத்தேன், நான்கு மணிக்கு எழுந்தேன், அதாவது என் நான்கு மணிக்கு. எழுந்தால் இன்னும் நல்ல பகல். என்னடா இது, ஞாயிற்றுக்கிழமை என்றால் தூங்கி எழுந்ததும் இருட்டி, நாளைக்குத் திங்கள் என்று வயிற்றில் ஒரு கல் விழுமே, காணோமே! மகள் சீட்டுக்கட்டை எடுத்தாள். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து ஆடினோம். நான் தோற்றேன். மறுபடி ஆடினோம், மறுபடி தோற்றேன். கடிகாரம் ஏழரை என்கிறது, ஜன்னலில் வெளிச்சம் அப்படியே நிற்கிறது. "பார்த்தாயா, போன் இல்லாவிட்டால் பொழுது எவ்வளவு நீள்கிறது!" என்று மனைவிக்கு வகுப்பு எடுத்தேன். அவரும் தலையை ஆட்டினார்.

பத்து மணிக்கு விளக்கை அணைத்தேன். எட்டு மணி நேரம் அடித்துப் போட்டது போலத் தூக்கம். எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேரப் பொழுதுபோக்கு, எட்டு மணி நேர ஓய்வு என்று ராபர்ட் ஓவன் என்ற பிரிட்டிஷ் ஆலை முதலாளியே கேட்டு இருநூறு ஆண்டு ஆகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919இல் நிறைவேற்றிய முதல் உடன்படிக்கையே எட்டு மணி நேர வேலையைப் பற்றியதுதான். அதில் எனக்குச் சேர வேண்டிய மூன்றாவது எட்டு அன்றுதான் முழுதாகக் கைக்கு வந்தது. அதுவும் ஒரு கடிகாரம் தப்பாக ஓடியதால்.

திங்கள் காலை. ஆறு மணிக்கு எழுந்தேன். கும்மிருட்டு. மேகம் இன்னும் விலகவில்லை போலிருக்கிறது என்று குளித்தேன், சட்டை போட்டேன், பையை மாட்டினேன். எட்டு மணிக்கு வாசலில் இறங்கினால் தெருவில் ஒரு ஆள் இல்லை. காவலாளி கண்ணைக் கசக்கிக்கொண்டு, "என்ன சார், ஊருக்கா?" என்றார். "ஆபீஸுக்கு" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பெரிய உழைப்பாளி என்று நினைத்திருப்பார். திரும்பி வந்து பீரோவைத் திறக்கச் சொல்லிப் போனை உயிர்ப்பித்தேன். மணி 6.20.

ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம், ஐயா! ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் ஒரு மணி நாற்பது நிமிடம் தள்ளி வாழ்ந்திருக்கிறேன். 11.20க்கு ஒரு மணி என்று உட்கார்ந்தேன், 5.50க்கு ஏழரை என்று சூரியனைப் பாராட்டினேன், 8.20க்குப் பத்து என்று படுத்தேன், 6.20க்கு எட்டு என்று ஆபீஸுக்குக் கிளம்பினேன். உலகம் ஒன்றும் கவிழவில்லை. போனில் என் மேலாளரிடமிருந்து 17 செய்திகள். முதல் செய்தி: "அவசரம். உடனே பேசவும்." இரண்டாவது, வெறும் கேள்விக்குறி. மூன்றாவது, இரண்டு கேள்விக்குறி. ஒன்பதாவதில், "உங்களிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை." பதினேழாவது: "கிடைத்துவிட்டது. என் மேஜையிலேயே இருந்தது."

அன்று என் கையில் போன் இருந்திருந்தால், அந்தப் பதினேழுக்கும் நடுவில் நான் பதினெட்டுப் பதில் போட்டிருப்பேன். பிரான்சில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2017 முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், வேலை நேரம் முடிந்த பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பற்றி ஊழியர்களோடு பேசி முடிவெடுக்க வேண்டும். சட்டம் போட்டுத்தான் ஒரு மனிதனைத் தூங்கவைக்க வேண்டியிருக்கிறது. எதிரணியினர் இதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று தெரியவில்லை.

இந்தக் கதையை நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். போன வாரம் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, "மணி தப்பு என்று எங்கள் யாருக்குமே தெரியாது பாருங்கள்" என்றேன். என் மகள் சொன்னாள், "எங்களுக்குத் தெரியும், அப்பா."

எனக்குப் புரியவில்லை.

"நீங்கள் முள்ளை ஒன்றில் வைத்தபோதே தெரியும். அம்மாதான் சொல்லாதே என்று கண்ணைக் காட்டினாங்க."

மனைவியைப் பார்த்தேன். அவர் வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுக்கிற மாதிரி உள்ளே போய்விட்டார். பிறகு தனியாகக் கேட்டபோது சொன்னார், "பதினொன்றரைதான் என்று சொல்லியிருந்தால், இன்னும் இவ்வளவு நேரம் இருக்கிறதே என்று பன்னிரண்டுக்கே சாவியைக் கேட்டிருப்பீர்கள்."

அன்று வீட்டில் எனக்கு மட்டும்தான் மணி தெரியாது. இரண்டு பேர் தங்கள் கையில் சரியான மணியை வைத்துக்கொண்டு, அதைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, என் தப்பான மணிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பசிக்காமல் சாப்பிட்டிருக்கிறார்கள். எட்டேகாலுக்கு விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் விழித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

நடுவர் அவர்களே, எனக்கு ஒரு நிமிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். வாதம் என்னிடம் இனி ஒன்றும் இல்லை. இதை மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

என் அப்பா வேறு ஊரில் இருக்கிறார். கண் சரியில்லை, எழுத்து அடிக்க வராது. அதனால் குரல்செய்தி அனுப்புவார். ஒவ்வொன்றும் நான்கு நிமிடம், ஐந்து நிமிடம். நடுநடுவே மூச்சு வாங்குவார். என்ன சொல்ல வந்தேன் என்று யோசிப்பார். பின்னணியில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுகிற வசதி இருக்கிறது இல்லையா, இரண்டு வருடமாக அப்பாவை அந்த வேகத்தில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிட அப்பா இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடுவார். நல்ல மிச்சம்.

போன மாதம் நேரில் போயிருந்தேன். எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஏதோ சொல்ல ஆரம்பித்தார். இவ்வளவு மெதுவாகவா பேசுவார் என்று எனக்குத் திக்கென்றது. ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, ஜன்னலைப் பார்த்து, எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வருகிறார். என் கை நாற்காலியின் கைப்பிடியில் இருந்தது. கட்டைவிரல் தன்பாட்டில் அந்த மரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பொத்தானைத் தேடுகிறது, ஐயா. நான் சொல்லவில்லை, அதுவாகத் தேடுகிறது.

கண் சரியில்லாத மனிதர், அதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்பா, அவசரமாப் போகணுமா?"

"இல்லப்பா" என்றேன்.

"அப்போ முதல்லேர்ந்து சொல்றேன்" என்று மறுபடி ஆரம்பித்தார்.

மணி அடித்துவிட்டீர்கள். அவர் இன்னும் முடிக்கவில்லை, நான் முடித்துக்கொள்கிறேன். வணக்கம்.